காயலை இறைத்தவர்

பேப்பரில் ஒரு படம் போட்டிருக்கிறார்கள். எங்கோ வடக்கே, பனி பெய்கிற தேசத்தில், கடல் என்றே பேர் வாங்கிய ஒரு பெரிய ஏரி வற்றிப்போய், மீன்பிடிக் கப்பல்கள் மணலில் சாய்ந்து கிடக்கின்றன. 'உலகெங்கும் ஏரிகள் சுருங்கி வருகின்றன' என்று தலைப்பு. காலைக் காப்பியோடு அதைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏரி என்ன வெந்நீரில் போட்ட கம்பளியா, தானாகச் சுருங்க? சுருக்கினவன் ஒருவன் இருப்பான். அவனுக்கு வீடு வாசல் இருக்கும், வீட்டில் மரியாதை இருக்கும், அவன் வந்தால் எழுந்து நிற்க நாலு பேர் இருப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு காயலைச் சுருக்கியவருக்கு நானே எத்தனையோ தடவை சமைத்துப் போட்டிருக்கிறேன். என் புருஷனின் கூடப்பிறந்த அண்ணன் அவர்.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, சாலைக் கடைத்தெருவிலிருந்து மாட்டுவண்டியில் போனால் ஒரு காலைப்பொழுது ஆகிற தூரத்தில், அந்தக் காயல் இருந்தது. கடல் அதற்கு அந்தண்டை பக்கம்தான். ராத்திரி காற்று திரும்பினால் அலைச் சத்தம் கேட்கும். ஆனால் காயல் தண்ணீர் சர்க்கரை. ஒரு மணல் மேடும் சில தென்னந்தோப்புகளும்தான் இரண்டுக்கும் நடுவில். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் அன்றைக்கு இதைச் சொன்னபோது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாங்கள் நாஞ்சில் நாட்டுக்காரர்கள். பெரியத்தான் (அப்படித்தான் அவரை நான் சொல்லவேண்டும்) சின்ன வயதிலேயே சாலைக்கு வந்து அரிசி மண்டி வைத்தவர். தகப்பனார் போனபிறகு தம்பியைப் படிக்க வைத்து, கச்சேரியில் குமஸ்தா உத்தியோகத்தில் உட்கார வைத்து, என்னைப் பெண் பார்த்துக் கட்டி வைத்ததும் அவரே. அந்த நன்றி என் புருஷனின் முதுகில் ஒரு மூட்டையாக எப்போதும் இருந்தது. அண்ணன் எதிரில் அவர் நிமிர்ந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் குடும்பங்களில் தம்பி பெண்டாட்டி மூத்தாருக்கு முன்னால் நின்று பேசக்கூடாது. அவர் கூடத்தில் உட்கார்ந்தால் நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால். அவர் கேட்பதை என் புருஷன் என் பக்கம் திரும்பிச் சொல்வார். நான் சொல்வதை அவர் பக்கம் திரும்பிச் சொல்வார். நடுவில் நாலடிகூட இருக்காது. என் குரல் அவருக்கு நன்றாகவே கேட்கும். கேட்டாலும் விழாதது போலத் தம்பியின் வாயைப் பார்த்துக்கொண்டு இருப்பார். மரியாதை என்றால் அதுதான் மரியாதை.

என் புருஷன் நல்லவர். அதுதான் தொந்தரவு. நான் சொல்வதில் ஒரு வார்த்தைகூடக் காரமாக அந்தப் பக்கம் போய்ச் சேராது. கல்யாணமான புதிதில் ஒருநாள் பெரியத்தான் சாப்பாட்டில் கையை வைத்துவிட்டு, "கொழம்புல ஒரு கல்லு உப்பு கூடுதலா இருக்கே, என்னண்ணு கேளு" என்றார். உப்பு விஷயத்தில் அவர் நாக்கு அப்படி. மூன்று குழம்பை வரிசையாக வைத்தால் எதில் உப்பு முதலில் போட்டது என்றுகூடச் சொல்வார் போல.

"கடையிலேருந்து அனுப்புற உப்புல பாதி மண்ணு. அளவு எப்பிடித் தெரியும்னு கேளுங்கோ" என்றேன் நான்.

என் புருஷன் அண்ணன் பக்கம் திரும்பி, "இனிமே பாத்துப் போடுகேன்னு சொல்லுகா" என்றார்.

கதவுக்குப் பின்னால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இருபது வருஷம் இப்படியே ஓடியது.

சாலையில் எங்கள் வீடு மண்டிக்குப் பின்கட்டு. முற்றத்தில் ஒரு கிணறு, அதற்கு நாலு வீட்டுக்காரர்கள் பங்கு. சாக்கு நாற்றம், எலி நாற்றம் எல்லாம் அதில் இருக்கும். துவரம்பருப்பை அந்தத் தண்ணீரில் போட்டால் மத்தியானம் வரை கல்லாகவே கிடக்கும். எதிர்வரிசை மிளகாய் மண்டியின் நெடி என் புருஷனுக்கு நெஞ்சில் இறங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஊரை விட்டுக் கொஞ்சம் விலகி இருந்தால்தான் ஆள் தேறுவார் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். காயல் கரையில் பெரியத்தான் வாங்கிப் போட்டிருந்த தென்னந்தோப்பும் அதில் ஒரு சின்ன ஓட்டு வீடும் இருந்தன. அங்கே குடியேறினோம். என் புருஷன் அங்கிருந்து சைக்கிளில் கச்சேரிக்குப் போய் வந்தார்.

அந்தத் தோப்பில் கிணறு கிடையாது. என் காப்பு இரண்டையும் கழற்றிக் கொடுத்து நான் வெட்டச் சொன்னேன். இடமும் நானே காட்டினேன், பலாமரத்துக்குக் கிழக்கே. ஆள் உயரத்துக்கு மேல் அதிகம் போகவில்லை, மணலைத் தள்ளிக்கொண்டு ஊற்று வந்துவிட்டது. முதல் வாளியை இறைத்து அப்படியே கையில் ஏந்திக் குடித்தேன். அதே தண்ணீரில் பருப்பை ஏற்றிவிட்டு, அரிசி களைந்து திரும்புவதற்குள் பருப்பு பூவாக மலர்ந்திருந்தது. அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை. பிறந்த வீட்டில் என் தகப்பனாருடையது, புகுந்த வீட்டில் பெரியத்தானுடையது என்று எல்லாமே யாருடையதாகவோ இருந்தது. இந்த ஒரு கிணறுதான் நான் வாய்விட்டு என்னுடையது என்று சொன்ன பொருள். பிள்ளை இல்லாதவள் கிணற்றைக் கொஞ்சுகிறாள் என்று சாலையில் பேசினார்களாம். பேசட்டும்.

கரையில் தாமரை பறிக்கிறவர்கள் குடியிருந்தார்கள். விடிவதற்கு முன்பே சின்ன வள்ளத்தில் போய்ப் பூவும் இலையும் பறித்து, கட்டுக் கட்டாகக் கோட்டைக்குள் கோயிலுக்கும் சாலைக் கடைகளுக்கும் கொண்டுபோவார்கள். பூக்காரி, வெல்லக்காரர் எல்லாரும் அந்த இலையில்தான் பொதிந்து கொடுப்பார்கள். அந்தக் குடிகளில் ஒருத்தி, என் வயதுக்காரி, என் கிணற்றில் தண்ணீர் எடுக்க வருவாள். காயல் தண்ணீர் மழைக்காலத்தில் கலங்கும், அதனால் வா என்று நான்தான் கூப்பிட்டேன். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். காலையில் என் முற்றத்தில் குடங்கள் முட்டிக்கொள்ளும்.

இது பெரியத்தான் காதுக்குப் போயிற்று. வந்து உட்கார்ந்தார்.

"கண்டவனும் கயிறு போட்டா கெணறு தீட்டாயிரும்னு அவகிட்டச் சொல்லு."

"காயல்லேருந்துதானே இந்தத் தண்ணி ஊறுது. அதுல அவங்க பொறந்ததுலேருந்து குளிக்காங்க. அந்தத் தீட்டு எங்க போச்சுன்னு கேளுங்கோ."

என் புருஷன் இருமினார். "யோசிச்சுச் செய்யுகேன்னு சொல்லுகா, அண்ணே."

நான் யோசிக்கவும் இல்லை, யாரையும் நிறுத்தவும் இல்லை. பின்னாளில் நினைத்து நினைத்து வயிறு எரிந்தது இதற்குத்தான். ஏழைகளின் வாளியால் என் கிணறு கெட்டுவிடும் என்று அத்தனை தூரம் வண்டி கட்டிக்கொண்டு வந்து பயந்த மனிதர் அவர்.

அந்தக் கிணறும் காயலும் ஒன்றே என்று எனக்குச் சீக்கிரமே தெரிந்துபோனது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை, தினமும் தண்ணீர் இறைக்கிறவளுக்குத் தெரியும். இடவப்பாதி மழையில் காயல் ஏறித் தாழம்புதர்களைத் தொட்டால் என் கிணற்றில் குனிந்து கையால் மொள்ளலாம். மீனம் மேடத்துக் கோடையில் காயல் பின்வாங்கினால் கயிறு கூடுதல் வேண்டும். ஒன்று மூச்சு விட்டால் இன்னொன்றும் விடும்.

பிறகு சண்டை வந்தது. எங்கேயோ நடந்த சண்டை, எங்கள் அடுப்பில் வந்து உட்கார்ந்தது. பர்மா அரிசி நின்றுபோனது. காலையும் மாலையும் மரச்சீனிக் கிழங்கு, மரவள்ளிதான். அளந்து கொடுக்கிற அரிசிக்கு வெயிலில் வரிசை. வயிறு ஒட்டிய பிள்ளைகளை நான் பார்த்தேன், பசியைப் பொய் என்று சொல்லமாட்டேன். பெரியத்தானின் மண்டியில் தரை தெரிந்தது. அரிசி மண்டிக்காரர் வீட்டில் கிழங்கு தின்பது அவருக்கு வெளியே சொல்ல முடியாத அவமானம். அந்த அவமானத்தில்தான் அவருக்கு யோசனை பிறந்தது.

ஏற்கனவே கரைக்காரர்கள் சிலர் கோடையில் காயலின் ஓரத்தில் வரப்புப் போட்டு, மரச்சக்கரத்தைக் காலால் மிதித்துத் தண்ணீரை வெளியே தள்ளி, ஒரு பூ, அதாவது ஒரு போகம், நெல் எடுப்பது உண்டு. மழை வந்தால் காயல் தன் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. பெரியத்தானும் நாலைந்து கூட்டாளிகளும் ஓரத்தோடு நிற்பதாக இல்லை. எண்ணெய் எஞ்சின் வைத்து, பெட்டியும் பறையும் பூட்டி, காயலையே இறைத்துவிடுவதாகத் திட்டம். பெட்டி பறை என்றால் பலகையால் செய்த ஒரு பெரிய தண்ணீர்த்தள்ளி. எஞ்சின் அதைச் சுற்றினால் ஒரு பக்கம் தண்ணீரை உறிஞ்சி மறுபக்கம், கடலுக்குப் போகிற ஆற்றில் கொட்டும். அனுமதி எல்லாம் வாங்கியாகிவிட்டது என்றார். யாரிடம், எப்படி என்று என்னிடம் சொல்வார்களா?

எங்கள் கூடத்தில் உட்கார்ந்துதான் அதைச் சொன்னார். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"காயல இறச்சா எங்கெணறு என்ன ஆகும்னு கேளுங்கோ" என்றேன்.

"கெணத்துக்கு ஒண்ணும் வராதுல்லா அண்ணே?" என்றார் என் புருஷன்.

பெரியத்தான் சிரித்தார். "லேய், நம்ம யாரு? கொளத்துல பொறந்து கொளத்துல வளந்தவன். நம்மூருல கொளம் வத்தாதா? வத்துன கொளத்துல நம்ம அப்பா உளுந்து வெதைக்கலையா? ஆடியில ஆத்து வெள்ளம் வந்தா மடையத் தொறந்து விட்டா நெறஞ்சிரும். கெணறும் நெறஞ்சிரும். மலையாளத்துக்காரனுக்கு வெள்ளத்தக் கண்டா பயம். நமக்குத் தெரியும்லா வெள்ளத்த ஆளுகதுக்கு."

அது நாஞ்சில் நாட்டுப் பெருமை. எனக்கும் அந்தப் பெருமை உண்டு. நானும் வற்றிய குளத்தில் மீன் பொறுக்கி விளையாடியவள்தான். ஆனால் எங்கள் ஊர்க் குளத்துக்குப் பக்கத்தில் கடல் காத்துக்கொண்டு இருக்கவில்லை. குளம் மனிதன் வெட்டியது, நாலு பக்கமும் கரை போட்டு மலைத் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பியது. அது காலியானால் வெறும் பள்ளம். இந்தக் காயலோ மணலுக்கு அடியில் கடலை ஒரு கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு இருந்தது. அந்தக் கையை எடுத்தால் அது சும்மா இருக்குமா?

"கடல் பக்கத்துல இருக்கு. காயல் தாழ்ந்தா கடல் உள்ள வரும்னு சொல்லுங்கோ. கொளமும் காயலும் ஒண்ணில்லன்னு சொல்லுங்கோ. சத்தமாச் சொல்லுங்கோ!"

என் புருஷன் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. பிறகு திரும்பி, "அவளுக்குக் கொஞ்சம் பயமா இருக்காம் அண்ணே" என்றார்.

"பொம்பளையோ பயப்படத்தான் செய்யுவா" என்றார் அவர். அதோடு பேச்சு முடிந்தது.

எஞ்சின் வந்த அன்று செய்த கூத்தை நினைத்தால் இப்போதும் ஆத்திரத்தில் சிரிப்பு வருகிறது. எங்கள் ஊரில் மடை திறக்கும் முன் மடைச்சாமிக்குப் பொங்கலிட்டு, தேங்காய் உடைத்து, பெண்கள் குரவையிடுவது வழக்கம். வயலுக்குத் தண்ணீர் கொண்டுவருகிற சாமிக்கு அந்த மரியாதை. பெரியத்தான் அதை அப்படியே இங்கே கொண்டுவந்தார். கறுப்பு எஞ்சினுக்குச் சந்தனம் அப்பி, குங்குமம் இட்டு, மாலை போட்டு, முன்னால் பானை வைத்துப் பொங்கல். தண்ணீரை விரட்டுகிற யந்திரத்துக்கு மடைச்சாமியின் மரியாதை! அந்தப் பொங்கலுக்குத் தண்ணீர் என் கிணற்றிலிருந்துதான் போனது. என் புருஷனே இறைத்துக் கொடுத்தார்.

பானை பொங்கியதும் குரவையிட வேண்டியது வீட்டு மருமகள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றேன். பெரியத்தானின் மனைவி என் விலாவில் இடித்து, "இடு பிள்ளே, மானம் போகுது" என்று கிசுகிசுத்தாள். நான் வாயைத் திறக்கவே இல்லை. கடைசியில் அவளே குரவையிட்டாள், அதற்குள் எஞ்சின் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்துவிட்டது. அவள் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

காயல் பின்வாங்கியது. கரையிலிருந்து தினமும் பார்த்தேன். நேற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் இன்று சேறு மின்னும். தாமரை இலைகள் தண்டோடு மடங்கிச் சேற்றில் விழுந்து கருகின. பள்ளங்களில் ஒதுங்கிய கரிமீனும் வராலும் ஒன்றன்மேல் ஒன்று புரண்டன. ஜனங்கள் கூடை கூடையாக அள்ளினார்கள். திங்கிறதுக்கு மேல் கிடந்தது அழுகியது. நாற்றத்தில் கொக்குகூடக் கொஞ்சநாள் வரவில்லை. தாமரை பறித்தவர்கள் வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுச் சேற்றைத் தோண்டித் தாமரைக் கிழங்கை எடுத்துத் தின்றார்கள். அடுத்த வருஷத்துப் பூவைத்தான் தின்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். பசி.

பிறகு நாற்று நட்டார்கள், பயிர் வந்தது. என்ன பச்சை! அதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெல்லுக்குப் பிறந்த ஊர்க்காரி நான், என் கண்ணைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. அழகாக இருந்ததே எனக்கு மேலும் எரிச்சலாக இருந்தது. அறுத்த நெல் வண்டி வண்டியாகச் சாலைக்குப் போனது. அறுத்தவர்களுக்குக் கூலி நெல் கிடைத்தது, இல்லை என்று சொல்லவில்லை. அது ஒரு மாதம் வந்திருக்கும். பிறகு கரைக்குடிகளில் பழையபடி மரச்சீனிக் கிழங்கே வெந்தது. ஊர்ப் பசிக்காக இறைக்கிறோம் என்று சொன்னவர்கள் அந்த அரிசியை யார் பசிக்கு விற்றார்கள் என்று சாலை மண்டியைத்தான் கேட்கவேண்டும். எங்களுக்கு ஒரு மூட்டை வந்தது. பெரியத்தான் தன் கையாலேயே இறக்கிவைத்து, "கெணறு எங்கயும் போகல்லையேன்னு கேளு" என்றார்.

அந்த மழைக்குக் கிணறு நிறைந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அடுத்த கோடையில் இரண்டு எஞ்சின் வைத்தார்கள். இன்னும் உள்ளே, இன்னும் ஆழமாக. கரையில் நின்றால் காயல் எங்கே என்று தேடவேண்டி இருந்தது.

ஒருநாள் பருப்பு வேகவில்லை.

சாலையிலிருந்து வந்த பருப்பு பழசு என்று முதலில் நினைத்தேன். வேறு பருப்பு வாங்கிப் போட்டேன். அதுவும் வேகவில்லை. உச்சி வெயில் ஏறியும் பானையில் கரண்டி போட்டால் கல்லாகச் சலசலத்தது. துணி வெளுக்கப் போட்ட சவுக்காரம் நுரைக்காமல் திரிந்தது. காப்பியில் ஏதோ ஒரு கசப்பு. எனக்கு உள்ளுக்குள் தெரிந்துவிட்டது. தெரிந்தும் கிணற்றடிக்குப் போய் வாயில் விட்டுப் பார்க்க அந்த நாள் முழுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. மறுநாள் அந்தத் தாமரைக்காரி குடத்தோடு வந்தாள். இறைத்து ஒரு வாய் குடித்தாள். என் முகத்தைப் பார்க்காமல் வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஓரு கேறிப்போச்சு அம்மே" என்றாள். உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். "இனி இந்த வெள்ளம் வேண்டா."

காலிக் குடத்தோடு அவள் திரும்பிப் போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு என் முற்றத்தில் குடச் சத்தம் கேட்கவில்லை.

அந்த வாரமே பெரியத்தான் வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கத்தினேன் என்றே சொல்லலாம். "கெணறு செத்துப்போச்சுன்னு சொல்லுங்கோ! உப்பு! காப்ப வித்து வெட்டின கெணறு! எஞ்சின நிறுத்தச் சொல்லுங்கோ!"

என் புருஷன் அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி கொஞ்சம் ருசி மாறியிருக்குன்னு சொல்லுகா, அண்ணே" என்றார்.

"மழ பெய்யட்டு. செரியாயிரும்."

மழை பெய்தது. மேல்தண்ணீர் கொஞ்சம் தெளிந்தது. கார்த்திகை தாண்டியதும் மறுபடி கரித்தது. ஒவ்வொரு கோடைக்கும் உப்பு கூடியது. குடிக்கத் தண்ணீருக்கு மேட்டுக் கோயில் கிணற்றுக்கு நடக்கவேண்டும், ஒரு குடம் எடுத்து வருவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். அந்தத் தண்ணீரைப் பித்தளைக் குடத்தில் மூடி வைத்துச் சொட்டுச் சொட்டாகச் செலவு செய்தோம். என் கிணற்றுத் தண்ணீர் பாத்திரம் கழுவ, வாசல் தெளிக்க. பலாமரம் இலை சுருண்டு ஒரு பக்கமாகக் காய்ந்தது. எனக்கு அதுவரை பெரியத்தான்மேல் இருந்த கோபத்தில் ஒரு சலுகை இருந்தது. தெரியாமல் செய்கிறார், குளத்தையும் காயலையும் ஒன்று என்று மெய்யாகவே நம்புகிறார், உண்மை தெரிந்தால் கலங்கிப்போவார் என்று நினைத்திருந்தேன்.

ஒரு மத்தியானம் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாகர்கோவில் பக்கத்துப் பணக்காரர்கள். காயலின் நடுப்பகுதி இன்னும் தண்ணீராகவே கிடந்தது. அதற்குக் கூட்டாளி பிடிக்கிறார் என்று பேச்சிலிருந்து புரிந்தது. மூன்று பேரும் வெயிலில் வரப்பெல்லாம் நடந்து பார்த்துவிட்டு எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். நான் என் இடத்தில், கதவுக்குப் பின்னால்.

வந்தவர்களில் மூத்தவர் கேட்டார்: "எல்லாம் செரிதான் அண்ணாச்சி. அம்பது ஆளு இங்கின கெடந்து வேல செய்யணும்லா. குடிதண்ணிக்கு என்ன வழி?"

"என்ன அப்பிடிக் கேட்டுட்டியோ? தம்பி வீட்டுக் கெணறு இருக்கே. பருப்பு பஞ்சா வேகும்" என்றார் பெரியத்தான். பிறகு என் புருஷனிடம், "குடிக்க வெள்ளம் கொண்டுவரச் சொல்லு. தொண்ட காஞ்சு கெடக்கு."

என் புருஷன் அடுக்களைக்குள் வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக, "பித்தளக் கொடத்துலேருந்து எடு" என்றார்.

நான் செம்பை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக என் கிணற்றுக்குப் போனேன். இறைத்தேன். செம்பு நிறைய எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, கதவைத் தாண்டிக் கூடத்துக்குள் நடந்தேன். யாரும் எதிர்பார்க்கவில்லை. பெரியத்தானுக்கு எதிரில் போய் நின்று, முதல்முறையாக அவர் கண்ணைப் பார்த்தேன். வயதாகியிருந்தது அவருக்கு. செம்பை நீட்டினேன்.

"எங்கெணத்துத் தண்ணி, பெரியத்தான். குடிச்சுப் பாத்துச் சொல்லுங்கோ."

கை நீட்டி வாங்கத்தான் வேண்டி இருந்தது. அண்ணாந்து முதல் மடக்கை வாயில் விட்டார். கண் ஒரு தடவை இறுகியது. ஒரு கல் உப்பு கூடினால் கண்டுபிடிக்கிற நாக்கு அது. துப்பப் போகிறார் என்று நினைத்தேன். துப்பினால் போதும், அந்த ஒரு துப்பில் எனக்கு எல்லாம் தீர்ந்திருக்கும். விருந்தாளிகள் அவரையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அவர் விழுங்கினார். பிறகு, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, செம்பு காலியாகும்வரை நிறுத்தாமல் குடித்தார். தொண்டை ஏறி ஏறி இறங்கியது.

மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்ல தண்ணி" என்றார்.

வந்தவர்களில் இளையவர் என்னைப் பார்த்து, "எங்களுக்கும் கொஞ்சம் தாருங்கோ அம்மா" என்று கையை நீட்டினார்.

"வேண்டாம் வேண்டாம்!" என்றார் பெரியத்தான் அவசரமாக. "நிங்க விருந்தாளியோல்லா? எளநி வெட்டச் சொல்லுகேன்."

ஆக, அவருக்குத் தெரியும். எப்போதிருந்தோ தெரியும். நான்தான் ஒரு முட்டாள், இருபது வருஷமாக நான் சொல்வது அவர் மண்டையில் ஏறவில்லை என்று நினைத்துக் கதவுக்குப் பின்னால் நின்று கத்திக்கொண்டு இருந்திருக்கிறேன். வந்தவர்களில் மூத்தவருக்கு என்னவோ சந்தேகம் தட்டியிருக்கவேண்டும். என் புருஷனைப் பார்த்து, "தண்ணி நல்லதுதானா தம்பி? நீங்கதானே தெனமும் குடிக்கியோ" என்று கேட்டார்.

நான் என் புருஷனைப் பார்த்தேன். அன்றைக்கு அவர் யாருடைய பேச்சையும் மாற்றிச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. அவருடைய சொந்த வாய், அவருடைய சொந்த நாக்கு. கரிக்குது என்று ஒரு வார்த்தை.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அண்ணன் சொன்னா செரிதான்" என்றார்.

எஞ்சின் மூன்றாயிற்று. காயலின் நடுவும் போனது. நான் அன்றோடு கதவுக்குப் பின்னால் நிற்பதை விட்டுவிட்டேன். யாரும் என்னைத் திரும்பப் போகச் சொல்லவும் இல்லை. பெரியத்தான் வருகிற ஒவ்வொரு தடவையும் கூடத்துக்கு நடுவில் வந்து, அதே செம்பில், என் கிணற்றுத் தண்ணீரை நிறைய மொண்டு கொடுப்பேன். வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது எங்கள் வழக்கம், அதில் யாரும் குறை சொல்லமுடியாது. உப்பு வருஷத்துக்கு வருஷம் கூடியது. ஒருநாளும் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று சொல்லவேண்டுமே. கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுச் செம்பை என் கையில் கொடுப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் புருஷன் ஒவ்வொரு தடவையும் எழுந்து வெளியே போய்விடுவார்.